கவுண்டி தளத்தில் நம் வீடும் பேரும்: இப்படித் திறந்து கிடக்கலாமா?

செந்தாமரை_டாலஸ்:
புது வீட்டுக்குக் குடிவந்து மூணு மாசம்தான் ஆச்சு. போன வாரம் தபால்ல ஒரு கடிதம். மேல கழுகுப் படம், நடுவுல தடிச்ச எழுத்துல ‘உங்கள் பத்திரத்தின் நகலைப் பெற 95 டாலர்’, கீழ கெடு தேதி. என் பேர், வீட்டு எண், பத்திரம் பதிவான நாள், ஆவண எண் வரைக்கும் சரியா இருந்துச்சு. அரசாங்கக் கடிதம்னு நம்பி செக் எழுதி உறைக்குள்ள வச்சுட்டேன். பக்கத்து வீட்டம்மா பார்த்துட்டு, ‘இது ஏமாத்து வேலை’ன்னு தடுத்தாங்க.

இவங்களுக்கு இதெல்லாம் எப்படிக் கிடைச்சுதுன்னு தேடினேன். சொத்துவரிக்காக வீட்டு மதிப்பு போடுற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்துல என் பேரை அடிச்சதும் ரெண்டு நொடியில முகவரி, சதுர அடி, மதிப்பு எல்லாம் வந்துருச்சு. கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பத்திரம் பதியுற கவுண்டி கிளார்க் தளத்துல பார்த்தா வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரமே இருக்கு, கடன் தொகையோட. லாகின்கூட கேக்கல. இதை எதுக்கு ஊர் உலகத்துக்கே திறந்து வைக்கணும்? பேரை வச்சுத் தேடுற வசதியையாவது மூடணும்ங்கறது என் கட்சி.

குறிஞ்சிவேலன்:
முதல்ல அந்தச் செக்கைக் கிழிச்சுப் போடுங்க தங்கச்சி. டெக்சஸ்ல கவுண்டி கிளார்க்கிட்ட பத்திர நகல் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகல்னா கூடுதலா 5 டாலர். மூணு பக்கப் பத்திரத்துக்கு மொத்தமே 8 டாலர்தான். அடுத்து ‘ஹோம்ஸ்டெட் விலக்கு (குடியிருக்கிற வீட்டுக்கான வரிச்சலுகை) வாங்கித் தர்றோம், கட்டணம் அனுப்புங்க’ன்னு ஒரு கடிதம் வரும். அதுக்கும் காசு கொடுக்காதீங்க, அந்த விண்ணப்பம் இலவசம்.

ஆனா மூடணும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிற நிலையில இருந்தப்போ கிளார்க் அலுவலகக் கணினியில மனைப்பிரிவு வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பின்சுவரை ஒட்டி ஒரு விட்டுவிட்டுப் போன கோடு. அதுக்குள்ள பொடி எழுத்துல ‘15 அடி வடிகால் பாதை’. அந்த இடத்துலதான் அப்பா அம்மா வந்தா தங்க ஒரு அறை கட்டலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். வித்தவர் சொல்லல, ஏஜென்ட் சொல்லல. அந்தக் கோடுதான் சொல்லுச்சு.

இன்னொண்ணு. இங்க நிலப்பதிவோட அடிப்படையே பேர்தான். எழுதிக் கொடுத்தவர் பேர்ல ஒரு அட்டவணை, எழுதி வாங்கினவர் பேர்ல ஒரு அட்டவணை. கோர்ட் தீர்ப்புக் கடன், வரிப்பாக்கி, கூலி கிடைக்காத கான்ட்ராக்டர் சொத்து மேல போட்ட லீன் (கடன் உரிமை) எல்லாமே ஆள் பேர்லதான் ஏறும். பேர்த் தேடலை மூடினா வில்லங்கம் பார்க்கவே வழியில்ல.

எடிசன்வாசி:
குறிஞ்சிவேலன் சொல்வது வாங்குபவரின் கோணம். இந்தப் பக்கத்தையும் பாருங்கள். 2020 ஜூலையில் எங்கள் நியூ ஜெர்சி மிடில்செக்ஸ் கவுண்டியில், நார்த் பிரன்ஸ்விக்கில், ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டுக் கதவை ஒருவன் பார்சல் கொண்டுவருபவன் போல வந்து தட்டினான். 20 வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான். கணவருக்குப் படுகாயம். சுட்டவன் அந்த நீதிபதி முன் வழக்காடியிருந்த ஒரு வழக்கறிஞர். நீதிபதியைப் பற்றி ஒரு கோப்பு நிறைய விவரம் சேர்த்து வைத்திருந்தான், வீட்டு முகவரி உட்பட.

அதே ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சியில் ‘டேனியல் சட்டம்’ வந்தது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், போலீஸ்காரர்களின் வீட்டு முகவரியை வெளியிடத் தடை. 2022-ல் ஃபெடரல் நீதிபதிகளுக்காகத் தனிச் சட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் அடிதாங்க முடியாமல் கணவனை விட்டு வந்து, கையில் குழந்தையோடு சிறு வீடு வாங்கிய ஒரு நம்மூர்ப் பெண்ணை எனக்குத் தெரியும். பெட்டி தூக்கிப் போய் வைத்தது நான்தான். ஆறே வாரத்தில் அவன் வாசலில் வந்து நின்றான். ‘கவுண்டி தளத்தில் பார்த்தேன்’ என்று அவனே சொன்னான். அவள் நீதிபதி இல்லை. அவளுக்கு எந்தச் சட்டம்?

குறிஞ்சிவேலன்:
படிச்சதும் மனசு கனத்துப்போச்சு நண்பரே. அந்த மாதிரிப் பெண்களுக்குன்னு முகவரியை ரகசியமா வைக்கிற திட்டம் பல மாநிலங்கள்ல இருக்கு. வீடு வாங்குறதுக்கு முன்னாடியே அதுல சேரணும், சொந்தப் பேர் வெளிய தெரியாம டிரஸ்ட் பேர்ல வாங்கலாம். இதை அவங்களுக்கு யாரும் சொல்லலையேங்கறதுதான் வேதனை. தனிப்பட்ட ஆபத்துக்குத் தனிப்பட்ட பாதுகாப்பு கொடுக்கணும். அதுக்காக ஊருக்கே பதிவேட்டைப் பூட்டக் கூடாது.

எடிசன்வாசி:
ஓடி ஒளிபவள் முன்கூட்டியே திட்டம் போட்டு, வக்கீல் வைத்து, டிரஸ்ட் எழுதி வாங்க வேண்டும் என்கிறீர்கள். நடக்கிற காரியமா?

வைகைக்கரை:
நான் பதினோரு வருஷமா டைட்டில் தேடுற வேலையில இருக்கேன், அதாவது சொத்து யாருக்குச் சொந்தம், வில்லங்கம் இருக்கான்னு பார்க்கிறது. ரெண்டு தனித்தனி விஷயத்தைச் சேர்த்துக் குழப்பிக்கிறீங்கன்னு தோணுது.

ஒண்ணு, பதிவான ஆவணங்கள்: பத்திரம், அடமானம், லீன், மனைப்பிரிவு வரைபடம். இதுக்கு மனு எதுவும் வேண்டாம், போய்ப் பார்க்க வேண்டியதுதான். பதிவு பண்றதே ஊரறியத்தான். பதிவு பண்ணாத பத்திரம், பின்னால விவரம் தெரியாம வாங்குறவரைக் கட்டுப்படுத்தாது. அதனால இதை ரகசியம் ஆக்கினா சொத்துரிமையே ஆடிப்போகும். எங்க போய்ப் பார்க்கணும்ங்கறது இடத்துக்கு இடம் மாறும். டெக்சஸ்ல திருமணப் பதிவு கவுண்டி கிளார்க்கிட்ட, விவாகரத்துக் கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்ட. கனெக்டிகட்ல கவுண்டி நிர்வாகமே 1960-ல ஒழிஞ்சுபோச்சு, நிலப்பத்திரம் டவுன் கிளார்க்கிட்ட.

ரெண்டு, அலுவலகத்துக்குள்ள இருக்கிற மத்த காகிதங்கள்: உணவக ஆய்வறிக்கை, சாலை ஒப்பந்தம், அதிகாரிகளோட மின்னஞ்சல். இதுக்குத்தான் மனு. ‘எஃப்.ஓ.ஐ.ஏ. (தகவல் பெறும் உரிமை) சட்டப்படி கேக்குறேன்’னு எல்லாரும் எழுதுறாங்க. அந்த 1966 சட்டம் ஃபெடரல் துறைகளுக்கு மட்டும்தான், கவுண்டிக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டத்தைச் சொல்லணும். நியூ ஜெர்சியில ஓப்ராங்கற பொது ஆவணச் சட்டம், பதிலுக்குப் பொதுவா 7 வேலை நாள். கலிஃபோர்னியாவுல தர முடியுமா முடியாதான்னு 10 நாளுக்குள்ள சொல்லணும். டெக்சஸ்ல மறுக்கணும்னா பெரும்பாலும் 10 வேலை நாளுக்குள்ள அட்டர்னி ஜெனரலுக்கு எழுதி அனுமதி கேக்கணும். வர்ஜீனியா மாதிரி சில மாநிலங்கள் வெளிமாநிலத்தாருக்கு மறுக்கலாம். கலிஃபோர்னியாக்காரர் ஒருத்தர் ஹென்ரைகோ கவுண்டியில சொத்துவரி விவரம் கேட்டு மறுக்கப்பட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2013-ல ஒன்பது பேரும் சேர்ந்து மறுத்தது செல்லும்னுட்டாங்க.

செந்தாமரை_டாலஸ்:
வைகைக்கரை அக்கா, தெளிவாச்சு, நன்றி. ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. நேர்ல போய்ப் பார்க்கலாம்ங்கறதுக்கும், உலகத்துல எங்க இருந்தும் ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்க்கலாம்ங்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

எடிசன்வாசி:
இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டே 1989-ல் அதைச் சொல்லியிருக்கிறது. ஒருவரின் குற்றப் பதிவுத் தொகுப்பை எஃப்.பி.ஐ.யிடம் செய்தியாளர்கள் கேட்ட வழக்கு. கோர்ட்டிலும் கவுண்டி ஆவணக் காப்பகத்திலும் அலைந்து தேடினால் கிடைக்கக்கூடிய காகிதமும், ஒரே இடத்தில் கணினி தொகுத்துத் தரும் சுருக்கமும் ஒன்றல்ல என்றது தீர்ப்பு. கவுன்டருக்கு வந்து கேட்கட்டும், கொடுங்கள். விவரம் விற்கும் கம்பெனிகளுக்கு லட்சக்கணக்கில் மொத்தமாக அள்ளிக் கொடுக்காதீர்கள். வர்ஜீனியாவில் பெட்டி ஆஸ்டர்கிரென் என்ற பெண் என்ன செய்தார்? கவுண்டி நிலப்பதிவுகளில் சோஷியல் செக்யூரிட்டி எண் (ஆளுக்கொன்றாக அரசு தரும் அடையாள எண்) அப்படியே இருப்பதைக் காட்ட, அதிகாரிகளின் பதிவுகளையே தன் தளத்தில் போட்டார். அதைத் தடுக்கப் பார்த்தார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசே திறந்து வைத்ததை அவர் எடுத்துக் காட்டக் கூடாதா என்பதுதான் வாதம்.

குறிஞ்சிவேலன்:
கவுன்டர்ல வந்து கேக்கட்டும்னா யாரால வர முடியும்? மணிக்கூலிக்கு வேலை பாக்குறவங்க அரை நாள் சம்பளத்தை விடணும். வக்கீலும் பில்டரும் மட்டும் ஆள் வச்சுப் பார்ப்பாங்க. போன வருஷம் என் வீட்டு மதிப்பை ஏத்திட்டாங்க. என் தெருவுல அதே அளவுள்ள ஏழு வீட்டையும் தளத்துல ஒண்ணொண்ணா எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, மே 15-க்குள்ள ஆட்சேபம் போட்டேன். விசாரணைக்கு 14 நாள் முன்னாடி அவங்க ஆதாரத்தையும் கேட்டு வாங்கினேன். மதிப்பு குறைஞ்சுது. பக்கத்து வீட்டு மதிப்பு எனக்குத் தெரியலைன்னா, எனக்கு அநியாயம் நடந்ததே தெரிஞ்சிருக்காது.

மினியாபொலிஸ் இருக்கிற ஹென்னபின் கவுண்டியையும் பாருங்க. ‘இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது’ங்கற மாதிரி வரிகள் பழைய பத்திரங்கள்ல இருக்கு. 1948-ல சுப்ரீம் கோர்ட் அதை அமல்படுத்த முடியாதுன்னுச்சு, 1968 சட்டம் முழுசாத் தடை பண்ணுச்சு. எந்தத் தெருவுல, எந்த வீட்டுல அப்படி எழுதினாங்கன்னு மினசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒண்ணு 2016-லருந்து பத்திரங்களை மொத்தமா வாங்கி, தன்னார்வலர்களை வச்சுப் படிச்சு வரைபடமாப் போட்டுச்சு. நீங்க கூடாதுங்கற அதே ‘மொத்தமா அள்ளிக் கொடுக்குறது’தான் அதைச் சாத்தியமாக்குச்சு.

எடிசன்வாசி:
1930-களின் பத்திரத்தைத் திறந்து வைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. போன மாதம் வாங்கியவளின் முகவரி பற்றித்தான் பேசுகிறேன்.

வைகைக்கரை:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழி சில இடங்கள்ல இருக்கு. ஆவணம், வரைபடம், மதிப்பு எல்லாம் முகவரியை வச்சுத் தேடினா வரும், உரிமையாளர் பேரை வச்சு இணையத்துல தேட முடியாது. பேர் அட்டவணை அலுவலகக் கணினியில மட்டும். தொழில் செய்றவளா எனக்கு அது தொந்தரவுதான். ஆனா எடிசன்வாசி சொன்ன பெண்ணை நினைச்சா அந்தத் தொந்தரவை நான் ஏத்துக்குவேன்.

செந்தாமரை_டாலஸ்:
நேத்து அரை நாள் லீவு போட்டு கிளார்க் அலுவலகத்துக்கு நேர்லயே போனேன். சான்றிட்ட நகல் கேட்டேன், 8 டாலர்தான் ஆச்சு. குறிஞ்சிவேலன் அண்ணாவுக்கு நன்றி. பத்திரத்துல விலை இருக்கும்னு பயந்தேன். ‘பத்து டாலரும் பிற ஈடும்’னுதான் போட்டிருக்கு, டெக்சஸ்ல அப்படித்தானாம்.

ஆனா என் பேர்ல மட்டும்தான் வந்துச்சு, கணவர் பேரை அடிச்சா வரவே இல்ல. அப்புறம்தான் உறைச்சுது. அவர் பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இல்ல, அதனால விசாவுல முதல் பேர் இடத்துல ‘எஃப்.என்.யு.’ன்னு (முதல் பேர் தெரியாதுங்கறதோட சுருக்கம்) வந்துருச்சு. பத்திரத்துலயும் அப்படியே ஏறி, ‘எஃப்.என்.யு.’ங்கறதே அவரோட முதல் பேராகிப் போச்சு. நம்ம ஆளுங்க எத்தனை பேருக்கு இப்படி இருக்குமோ. கவுன்டர்ல இருந்தவங்க பொறுமையா ரெண்டு விதமாவும் தேடிக் காட்டினாங்க. நம்ம பேர்ல ஏதாவது ஆவணம் பதிவானா மின்னஞ்சல்ல சொல்ற இலவச எச்சரிக்கைச் சேவை இருக்குன்னும் சொன்னாங்க. இந்த மாதிரிப் பேர் இருந்தா பத்திரத்துல இருக்கிற எல்லா வடிவத்தையும் தனித்தனியா அதுல பதியணுமாம். நான் மூணு வடிவம் பதிஞ்சிருக்கேன்.

இணையத்துல பேர்த் தேடல் வேண்டாம்ங்கறதுல நான் இன்னும் மாறல. வைகைக்கரை அக்கா சொன்ன முறையைக் கேட்டு கவுண்டி கமிஷனருக்கு மனு எழுதப் போறேன். எடிசன்வாசி அண்ணா, அந்தப் பெண்ணோட பேர், ஊர் எதுவும் வராம, நடந்ததை மட்டும் எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க.