‘ஜாஸில்’: இதற்கு ஒற்றைத் தமிழ் வினை உண்டா?

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்ப்பு ஒன்றில் மூன்று நாளாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லண்டன் பாதாள ரயிலில் ஏறும் கூட்டம். அதற்கு ஆங்கிலத்தில் வரும் வினை ‘ஜாஸில்’ (jostle), அதாவது கூட்டத்தில் ஒருவரையொருவர் இடித்து நெருக்குவது. எழுத்தில் நடுவே ஒரு ‘டி’ இருக்கும், வாயில் வராது.

வேர் தேடிப் போனால் சுவாரசியம். குதிரைமேல் ஈட்டியோடு மோதும் ‘ஜௌஸ்ட்’தான் தாய்ச்சொல். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் லத்தீன் ‘யுக்ஸ்டா’, அதாவது ‘அருகில்’. கடைசியில் ஒட்டியிருக்கும் விகுதி, திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுவது. ஸ்பார்க், ஸ்பார்கில் ஆவது மாதிரி. ஆக, குட்டிக் குட்டி மோதல்கள். நம் ‘நெருங்கு’, ‘நெருக்கு’ ஆவதில் இந்த விகுதிக் கதை இல்லை, அது தன்வினை பிறவினையாவது. ஆனாலும் ‘அருகில்’ என்பது இடிப்பதாக மாறும் பொருள் மட்டும் ஒத்துப்போகிறதே!

சரி, என் சிக்கல்: ‘முண்டியடித்து’ என்றால் முந்தும் அவசரம் வந்துவிடுகிறது. ‘தள்ளுமுள்ளு’வில் சண்டை வாடை. ‘இடித்துக்கொண்டு’ கொஞ்சம் மொட்டை. என் வாக்கியத்தில் ஒரு பாட்டி இரண்டு பைகளோடு நிற்கிறார். முழங்கைகள் படுகின்றன, யாருக்கும் கோபமில்லை.

உங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருந்தால், எந்த ஊர் என்பதோடு சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.