புதுப்பிப்பு: கால் நடுங்கிய பல்லி இப்போது எப்படி இருக்கிறது

மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன்: எங்கள் பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கிற, தொண்டையில் முள் தாடி உள்ள பல்லி) சாப்பிடவில்லை, பின்னங்கால் நடுங்குகிறது, மலச்சிக்கலாக இருக்குமோ என்று. மலச்சிக்கல் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் மங்கலாகத் தெரிந்தது; கால்சியம் குறைந்து வரும் எலும்பு நோய் என்றார் மருத்துவர்.

தப்பு என்னுடையதுதான். புற ஊதா விளக்கைத் தொட்டியின் கண்ணாடி மூடிக்கு மேலே வைத்திருந்தேன். யுவிபி என்கிற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் பல்லியின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியமும் சேராது. பல்பு பளிச்சென்று எரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது விளக்கு உள்ளே, வெயில் காயும் கல்லுக்கு மேலே இருக்கிறது. கல்லின் சூடு 40 டிகிரி செல்சியஸ்.

மருந்து கொடுப்பதுதான் பெரும்பாடு. வாயைத் திறக்கப் பார்த்தால் தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு முறைக்கும். தாடை ஏற்கெனவே மெத்தென்று இருந்ததால் அழுத்தவும் பயம். அப்புறம் ஊசியில்லா சிரிஞ்சால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாக்கை நீட்டி நக்கியது. இப்போதெல்லாம் சொட்டுச் சொட்டாக அப்படித்தான்.

நேற்று தானாகவே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. முதல் தடவை குறி தவறியது, அது வேறு விஷயம். நடுக்கம் குறைந்திருக்கிறது. வளைந்த முன்னங்கால் நேராகாதாம். அடுத்த மாதம் மறுபடி எக்ஸ்ரே.