கடிதம், பற்றுச்சீட்டு, படிவம்: ஒபிஸ் பிறிண்ட் வேலையைத் தானாக ஓடவிட்டால் எங்கே மாட்டும்? ஊர் ஊராக வந்த பதில்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

ஒரே கடிதத்தை எக்செல் பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் வேர்ட் தானாக எழுதித் தரும் மெயில் மேர்ஜ் முதலில் முட்டுவது அடையாள அட்டை இலக்கத்தில்தான். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஒரு ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ஸும். புதியதில் 12 இலக்கம். இரண்டும் எக்செல்லில் ஒரே நிரலில் (கொலம்) வரும். எக்செல் தாளின் முதல் 8 நிரைகளைப் (ரோ) பார்த்துத்தான் வேர்ட் அந்த நிரல் எண்ணா எழுத்தா என்று தீர்மானிக்கும். அந்த 8 பேரும் புதிய அட்டைக்காரராக இருந்துவிட்டால், கீழே வரும் ‘வி’ இலக்கங்கள் கடிதத்தில் 0 ஆகவோ வெறுமையாகவோ விழும். எக்செல்லில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

தரவு ஏற்றுவதற்கு முன்பே நிரலை டெக்ஸ்ட் ஆக மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு வடிவத்தை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது எண்ணாகவே இருக்கும். அப்போது டேட்டா பட்டையில் ‘டெக்ஸ்ட் டு கொலம்ஸ்’, இரண்டு தரம் நெக்ஸ்ட், மூன்றாவது பெட்டியில் டெக்ஸ்ட், பினிஷ். தொலைபேசி இலக்கத்துக்கும் இதுவே. ஆனால் 065, 063, 067இன் முன் பூச்சியம் ஏற்கெனவே தொலைந்திருந்தால் இதனால் திரும்பி வராது. பக்கத்து நிரலில் டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்கு 10 பூச்சியம் கொடுத்து எழுதி, அதை வெறும் பெறுமானமாக ஒட்ட வேண்டும்.

திகதி மாதம் முன்னால், நாள் பின்னால் என்று அமெரிக்க முறையில் வருவதும், 1,250.50 ரூபா 1250.5 ஆவதும் இன்னொரு தொல்லை. ஒல்ட்டையும் எஃப்9ஐயும் அழுத்தினால் புலத்தின் (பட்டியலில் உள்ளது கடிதத்தில் வந்து விழும் இடம்) குறியீடு தெரியும். அங்கேதான் வடிவம் கொடுக்க வேண்டும். திகதியில் மாதத்துக்குப் பெரிய ‘எம்’ போடுங்கள். சின்ன ‘எம்’ என்றால் நிமிடம்.

பிறிண்டருக்கு நேரே அனுப்பாதீர்கள். ‘எடிட் இண்டிவிஜுவல் டொக்கியுமென்ட்ஸ்’ கொடுத்து ஒரே கோப்பாக எடுத்து, மிக நீளமான பெயர் உள்ள கடிதம், முகவரியில் வரி குறைந்த கடிதம், கடைசிக் கடிதம் மூன்றையும் பாருங்கள். பக்க எண் ‘1 / 620’ என்று வந்தால், மொத்தப் பக்கம் காட்டும் புலத்தை எடுத்துவிட்டு ‘செக்‌ஷன் பேஜஸ்’ புலத்தைப் போடுங்கள்.

அம்பாறையிலிருந்து

களுவாஞ்சிக்குடி அண்ணன் சொன்னதோடு மொழிப் பிரச்சினையையும் சேர்க்க வேண்டும். இங்கே ஒரே பட்டியலில் தமிழ்க் கடிதம் போகவேண்டியவரும் சிங்களக் கடிதம் போகவேண்டியவரும் இருப்பார்கள். ஒரே கடிதத்துக்குள் ‘இஃப்’ விதி போட்டு இரண்டு மொழியையும் அடக்கப் பார்ப்பது வீண் சிக்கல். எக்செல்லில் ‘மொழி’ என்று ஒரு நிரல், மொழிக்கு ஒரு வார்ப்புருக் கடிதம், பெறுநர் பட்டியலில் ஃபில்டர். போதும்.

பாமினி (யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு) பற்றி. பழைய பட்டியல்கள் பாதி பாமினியில்தான் கிடக்கின்றன. மேர்ஜ் புலம் கடிதத்தில் உள்ள எழுத்துருவைத்தான் எடுக்கும், எக்செல்லில் உள்ளதை அல்ல. அதனால் லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவில் உள்ள கடிதத்துக்குள் பாமினிப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். அந்தப் புலத்தை மட்டும் தெரிவுசெய்து பாமினி கொடுத்தால் அன்றைய வேலை முடியும். ஆனால் பட்டியலில் பாதிப் பெயர் யூனிகோட், பாதிப் பெயர் பாமினி என்று கலந்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. ஒரு தரம் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எக்செல்லில் இருந்து சிஎஸ்வி (பட்டியலை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) எடுக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று எழுதியிருக்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும். மற்றதில் தமிழ் முழுவதும் கேள்விக்குறி ஆகிவிடும்.

கல்முனையிலிருந்து

பற்றுச்சீட்டுக்கு இன்னமும் ஊசியால் குத்தி அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ்தான் சரி, கார்பன் பிரதி வேண்டும் என்பதால். தமிழில் அடிப்பதென்றால் 9 ஊசி இயந்திரம் வாங்காதீர்கள்; கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று அப்பிவிடும். 24 ஊசி எடுங்கள்.

முதல் சீட்டு சரியாக விழுந்து, ஐந்தாவது கோட்டுக்குக் கீழே இறங்கி, பத்தாவது மடிப்பில் அடிக்கிறதா? தொடர் தாள் 11 அங்குல உயரம், ட்ரைவரில் ஏ4 என்று இருக்கிறது. ஏ4 11.69 அங்குலம். பக்கத்துக்குப் பக்கம் 0.69 அங்குலம் நகர்ந்து, 16 தாளில் கிட்டத்தட்ட ஒரு முழுப் பக்கம் விலகிப்போகும். ‘பிறிண்ட் சேர்வர் ப்ரொப்பர்ட்டீஸ்’இல் 9.5 × 11 என்று (அரைத் தாளென்றால் 9.5 × 5.5) புதிய ஃபோர்ம் ஒன்றை உருவாக்கி, பிறிண்டரிலும் மென்பொருளிலும் அதையே தெரிவுசெய்யுங்கள். கையால் உருளையைத் திருப்பிச் சரிக்கட்டினால் அந்த ஒரு சீட்டுக்கு மட்டும்தான் சரி.

ஏறாவூரிலிருந்து

கல்முனைக் காக்கா, தொடர் இலக்கம் உள்ள சீட்டுக்கு இதையும் சேருங்கள். நடுவில் கறண்ட் போனால், திரும்ப வந்ததும் வரிசையில் நின்ற வேலை தானாக மறுபடி ஓடும். அதே நேரம் ஆளும் மறுபடி பிறிண்ட் கொடுத்திருப்பார். ஒரே இலக்கத்தில் இரண்டு சீட்டு வெளியே போனால் கணக்காய்வில் பதில் சொல்ல முடியாது. முதலில் ‘பிறிண்ட் ஸ்பூலர்’ சேவையை (பிறிண்ட் வேலைகளை வரிசையில் வைத்திருப்பது) நிறுத்தி, விண்டோஸ் போல்டரின் சிஸ்டம்32க்குள் உள்ள ஸ்பூல் போல்டரில் ‘பிறிண்டர்ஸ்’ஸைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் அழித்து, சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். கடைசியாக முழுமையாக வந்த இலக்கத்தைத் தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், திரையை நம்ப வேண்டாம். மிச்சத்தை ‘ஃப்ரம்–டு’ கொடுத்து அங்கிருந்து அடியுங்கள்.

லேசர் பிறிண்டரை யூபிஎஸ்ஸின் பற்றரிப் பக்கம் செருகாதீர்கள். சூடாக்கும் உருளை ஒரே இழுப்பில் இழுக்கும் மின்சாரத்தை 650 விஏ யூபிஎஸ் தாங்காது. கொம்பியூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து

போல்டர் நிறையப் பிடிஎஃப் அடிக்கிறவர்களுக்கு. 15க்கு மேல் கோப்புகளைத் தெரிவுசெய்தால் வலது கிளிக்கில் ‘பிறிண்ட்’ காணாமற்போகும்; அது பழுதல்ல, விண்டோஸின் அமைப்பு. அதற்குப் பதிலாக, சுமத்ரா பிடிஎஃப் என்ற பிடிஎஃப் வாசிக்கும் மென்பொருளைக் கட்டளை வரியில் இயக்கும் சின்ன பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதலாம். கோப்புப் பெயர்களை 001, 002 என்று வையுங்கள், இல்லாவிட்டால் 1க்கு அடுத்து 10 வரும்.

காலையில் தானாக ஓட ‘டாஸ்க் ஷெட்யூலர்’இல் வைக்கும்போது ‘பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும்’ என்பதையே தெரிவுசெய்யுங்கள். மற்றதில் வேலை முடிந்ததாகக் காட்டும், தாள் வராது. அந்தப் பயனருக்கு இணைத்த பிறிண்டர் அங்கே தெரிவதில்லை. ‘விண்டோஸே டீஃபால்ட் பிறிண்டரைப் பார்த்துக்கொள்ளும்’ என்ற தெரிவையும் அணைத்துவிடுங்கள். யாராவது கடைசியாக வேறு பிறிண்டரில் ஒரு தாள் எடுத்திருந்தால், காலை வேலை முழுவதும் அங்கே போய் விழும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

அக்கரைப்பற்றுத் தம்பி, ரவுட்டரை அணைத்துப் போட்டால் பிறிண்டரின் ஐபி முகவரி மாறி ‘ஒஃப்லைன்’ என்று நிற்பதும் உண்டு. ரவுட்டரிலேயே அந்த முகவரியை பிறிண்டருக்கு ஒதுக்கிவிட்டு, போர்ட்டை டிசிபி/ஐபி ஆக வையுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்கு 500 தாள் கட்டைப் பிரித்துத் தட்டில் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டாம். ஈரம் குடித்த தாள் இரண்டிரண்டாக இழுபடும். காலைக்குத் தேவையானதை மட்டும் வைத்து, மிச்சத்தை உறையோடு மடித்து அலுமாரியில் வையுங்கள்.