கல்லூரிப் பெயரா, திறமையா? தில்லியில் தொழில் தொடங்கும் முதல் தலைமுறை வழக்கறிஞரின் கேள்வி

முனீர்க்கா புதியவர்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் படித்து, சென்னையில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, உச்ச நீதிமன்றத்தில் தொழில் பழகும் எண்ணத்துடன் தில்லிக்கு வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் பலர் உண்டு. ஆனால் எல்லோரும் கட்சிக்காரர்கள், வக்கீல் ஒருவரும் இல்லை.

இங்கே எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் முதலில் எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள், அடுத்து யார் அனுப்பினார்கள் என்று கேட்கிறார்கள், பிறகு இந்தத் தொழிலில் திறமை ஒன்றுக்குத்தான் மதிப்பு என்று அறிவுரையும் சொல்கிறார்கள். பெயர் பெற்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்மீது எனக்குக் குறையில்லை. கல்லூரிப் பின்னணி ஒரு வழக்கறிஞரை எதுவரை தொடர்ந்து வருகிறது என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். அண்ணன் அனுப்பும் பணத்தில் தங்கியிருப்பவன் என்பதால், ஆறுதலைவிட நடைமுறையைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மயூர் விஹார் ஏ.ஓ.ஆர்.:

தம்பி, பெரிய சட்ட நிறுவனங்களில் சேர்வது வேறு, நீதிமன்றத்தில் வாதாடுவது வேறு. நிறுவனங்கள் குறிப்பிட்ட சில பல்கலைக்கழக வளாகங்களுக்கே சென்று ஆளெடுப்பதால், அங்கே கல்லூரிப் பெயர் ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. நீதிமன்றத்தில் நீதிபதிக்கு உங்கள் கல்லூரி எது என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை.

இங்கே தடை வேறு இடத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் வக்காலத்துத் தாக்கல் செய்யும் உரிமை அட்வகேட் ஆன் ரெகார்டு (ஏ.ஓ.ஆர்.) எனப் பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கு மட்டுமே உண்டு. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி நான்கு ஆண்டுகள் தொழில் செய்து, அதன்பின் ஓர் ஏ.ஓ.ஆரிடம் ஓராண்டு பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகமும் பதிவு பெற்ற குமாஸ்தாவும் வைத்துக்கொள்ள வேண்டும். விடைத்தாளைத் திருத்துபவர் உங்கள் தந்தை யார் என்று பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேர்வு வரை ஐந்து ஆண்டுகள் தில்லி வாடகையைக் கட்டிக்கொண்டு யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். நிஜாமுதீன் கிழக்கிலோ டிஃபன்ஸ் காலனியிலோ சொந்த வீடு உள்ளவருக்குக் குறைந்த ஊதியம் ஒரு பொருட்டல்ல. அவர் நல்ல சீனியரிடம் பொறுமையாக உட்கார்ந்து கற்கிறார். அந்தக் கல்விக்குத்தான் பின்னாளில் திறமை என்று பெயர் வருகிறது. திறமை பொய்யென்று நான் சொல்லவில்லை. அதைச் சேர்க்கும் காலத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை என்கிறேன்.

2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரை மட்டுமே. சேரும் முன் தொகையை வாய்விட்டுக் கேளுங்கள்.

துவாரகா வாசகி:

நான் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். நுழைவுத் தேர்வை எழுதித்தான் சேர்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் கிளாட் என்ற அந்த நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். ஆங்கில வழிப் பள்ளியும் தனிப் பயிற்சி வகுப்பும் எனக்குக் கிடைத்தன. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் ஐடியா அமைப்பைத் தொடங்கி, பின்தங்கிய சூழலிலுள்ள மாணவர்களை இத்தேர்வுக்குத் தயார்செய்ய முனைந்தது இந்த இடைவெளியைக் கண்டதால்தான்.

ஏ.ஓ.ஆர். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்களில் கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் நீதிமன்றம் பக்கமே வருவதில்லை. தவணை கட்டுவதற்காக நிறுவன வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இங்கே நிலைத்திருப்பதற்கு எங்கள் பட்டமும் போதாது, வீட்டுப் பணமும் வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் சட்ட ஆய்வு உதவியாளராகச் சேரும் வாய்ப்பையும் பாருங்கள். அதற்கு இப்போது எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கின்றன. 2024 அறிவிப்பில் மாதத் தொகை 80,000 ரூபாய்.

கரோல்பாக் பெரியவர்:

எல்லாவற்றையும் பின்னணி என்று சொல்லிவிட்டால் உழைப்புக்கு இடமேது? ஈரோடு மாவட்டத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்த பி. சதாசிவம் 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியானார்.

மயூர் விஹார் ஏ.ஓ.ஆர்.:

ஐயா, அவரைப் பற்றி எங்களுக்கும் பெருமைதான். ஆனால் திறமையை அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நீதிமன்றத்தின் அனுபவமே சாட்சி. ‘மூத்த வழக்கறிஞர்’ என்று நீதிமன்றம் தரும் சிறப்புத் தகுதியை வழங்க 2017இல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் 100 புள்ளி முறை வந்தது. 2023இல் புள்ளிகளை மாற்றிப் பங்கிட்டார்கள். 2025 மே மாதத்தில் அந்த முறையையே கைவிட்டார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முயன்றும் புள்ளிக்கணக்கில் திறமை அடங்கவில்லை. இதற்கிடையே மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் புதிய சிறப்பு அனுமதி மனுவுக்கு வாதாடக் கிடைக்கும் சில நிமிடங்களுக்காகக் கட்சிக்காரர்கள் ‘ஃபேஸ் வேல்யூ’ உள்ள, அதாவது நீதிபதிகளுக்கு நன்கு முகம் தெரிந்த, சீனியரைத்தான் தேடுகிறார்கள்.

முனீர்க்கா புதியவர்:

அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். வருமானத்துக்காகத் தீஸ் ஹஸாரி போன்ற மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போகலாமா? எனக்கு இந்தி அரைகுறை.

மயூர் விஹார் ஏ.ஓ.ஆர்.:

அங்கே சாட்சி இந்தியில் பேசுவார். அரைகுறை இந்தியில் குறுக்கு விசாரணை செய்வது கட்சிக்காரருக்கு ஆபத்து. இந்தியைக் கற்றுக்கொண்டே, தற்போதைக்கு உங்கள் தமிழைப் பயன்படுத்துங்கள். சென்னையிலிருந்தும் மதுரைக் கிளையிலிருந்தும் மேல்முறையீட்டுக்கு வரும் வழக்குக் கட்டுகளில் கிரயப் பத்திரம், உயில், சாட்சி வாக்குமூலம் எல்லாம் தமிழில் இருக்கும். தாக்கல் செய்ய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ‘பாத்தியம்’, ‘அனுபோகம்’ என்று எழுதிய பழைய பத்திரத்தைப் பிழையின்றி ஆங்கிலமாக்கும் ஜூனியர் எங்களுக்கு எப்போதும் தேவை. வேலை கேட்கச் செல்லும்போது, பெயர்களை மறைத்து, நீங்கள் செய்த ஒரு மொழிபெயர்ப்பை விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: உங்களை மொழிபெயர்ப்பாளராகவே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் தனிப் பணம் கேளுங்கள். அதே கட்டுக்கு லிஸ்ட் ஆஃப் டேட்ஸ், அதாவது வழக்கின் நிகழ்வுகளைத் தேதிவாரியாகத் தரும் பட்டியல், எழுதும் பொறுப்பையும் முதல் மாதமே கேட்டு வாங்குங்கள்.