‘தல்லினாள்’ தவறா?

மார்த்தாண்டத்துக்காரி:
நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், “பாட்டி கதம்பை தல்லினாள்” என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைத் “தள்ளினாள்” என்று திருத்தி, ஓரத்தில் “மலையாளம் கலக்காதே” என்றும் எழுதிவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். கதம்பை என்றால் தேங்காய் மட்டை, தும்பு அதன் நார். கதம்பையைத் தள்ளினால் தும்பு வருமா? அந்தத் தும்பில் கயிறு திரித்துத்தான் என் அம்மா எங்களை வளர்த்தார். தல்லு தமிழ் இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தமிழ்தான், மகளே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘தல்லுதல்’ இருக்கிறது. இடித்து நசுக்குதல் என்று பொருள். மலையாளத்திலும் இருக்கிறது, ஓணத்தின்போது நடக்கும் அடி விளையாட்டான ஓணத்தல்லு அதில் வந்ததுதான். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லை ஒன்றிடம் கடன் வாங்கியதாகச் சொல்லக் கூடாது. 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டத்து விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. எல்லை மாறியது, வாய் மாறவில்லை.

கேரள எல்லைப் பாறசாலையிலிருந்து:
எங்கள் பக்கம் தல்லு என்றால் அடி, தள்ளு என்றால் தள்ளுதல். லகரத்தையும் ளகரத்தையும் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. மலையாளத்தில் கதவை முட்டுவோம். தமிழில் முட்டுவது ஆடும் மாடும், கதவைத் தட்ட வேண்டும். பைபிளிலும் அப்படித்தான்: தமிழில் ‘தட்டுங்கள்’, மலையாளத்தில் ‘முட்டுவின்’.

மணக்குடிக் காயல்கரை:
நான் இருபது வருடம் தல்லியவள். கதம்பை மாதக்கணக்கில் காயலில் ஊறிக் கறுத்து வரும். அந்த நாற்றம் குளித்தாலும் விரலை விட்டுப் போகாது. மேல்தோலை உரித்துவிட்டு, கல்லில் வைத்துக் கட்டையால் தல்ல வேண்டும். ஓங்கி ஒரே அடியாக அடித்தால் தும்பு அறுந்துவிடும். மெல்லத் தட்டினால் நாருக்கு இடையில் ஒட்டியிருக்கும் சோறு உதிராது. ஒரே கனத்தில், புரட்டிப் புரட்டி, நார் பொன்னிறமாகப் பிரியும்வரை விழும் அடிக்குத்தான் தல்லு என்று பெயர். அடி வேறு, தட்டு வேறு. உங்கள் அம்மாவின் கட்டை இன்னும் இருக்கிறதா, தங்கச்சி?

மார்த்தாண்டத்துக்காரி:
இருக்கிறது அக்கா. பிடிக்கும் இடம் அம்மாவின் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. நாளைக் காலை லெக்சிகன் பக்கத்தோடு அதையும் பள்ளிக்கு எடுத்துப் போகிறேன்.