மலைக் கிராமத்து விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது?

பென்னாகரம் ஆசிரியர்:
ஆப்பிரிக்காவில் மின்வசதியைப் பெருக்க ஒபாமா 2013-இல் தொடங்கிய பவர் ஆப்பிரிக்கா திட்டம், 2025-இல் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டு மூடப்பட்டதோடு முடிந்துபோனது. "அதனால் நட்டம் ஒன்றுமில்லை, அயல்நாட்டுப் பணம் ஊழலைத்தான் வளர்க்கும்" என்று ஓசூர் நண்பர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லெல்லாம் காவியேறிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நிதியுதவியோடுதான் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நமக்குக் கிடைத்த கைதூக்கல் ஆப்பிரிக்கச் சிற்றூருக்கு வேண்டாம் என்று நாம் எப்படிச் சொல்வது?

ஓசூர் பொறியாளர்:
ஐயா, ஜப்பான் கொடுத்தது கொடையன்று, கடன். மேலும், அந்தப் பணத்தைப் பெற்றுச் செலவிட்டுக் கணக்குச் சொல்ல இங்கே குடிநீர் வடிகால் வாரியம் முன்பே இருந்தது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள்: நிலக்கரியிலிருந்து விலகுவதற்காக 2021-இல் பணக்கார நாடுகள் 850 கோடி டாலர் தருவதாக அறிவித்தன, அதில் பெரும்பகுதி கடன், அமெரிக்காவோ 2025-இல் விலகியே விட்டது. அந்நாட்டு மின் நிறுவனமான எஸ்காம் ஏற்கெனவே கடனில் மூழ்கிக் கிடந்தது. நிர்வாகம் சீராகாத இடத்தில் பணம் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

அஞ்செட்டி விவசாயி:
எங்கள் ஊருக்கு மேலே உள்ள மலைக் குடியிருப்பில், வெளிநாட்டு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் சூரிய விளக்குக் கம்பங்கள் நட்டது. இரண்டாம் ஆண்டே ஒன்று அணைந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன்: பேட்டரி முனைகளில் பச்சைப் பூச்சு, உள்ளே எறும்புப் புற்று, டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஊற்ற வேண்டும் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் முறையிட்டால், கம்பம் தங்கள் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லாததால் செலவு செய்ய வழியில்லை என்றார்கள். நட்டவர்களோ திட்டக்காலம் முடிந்து போய்விட்டார்கள். யானையை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்க ஆளில்லை.

பென்னாகரம் ஆசிரியர்:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அது பணத்தின் குற்றமா, பணம் வந்த வழியின் குற்றமா? வங்கதேசத்தில் 2003 முதல் உலக வங்கி முதலியோரின் நிதியை இட்கால் என்ற அரசு நிறுவனம் பெற்று, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தவணை முறையில் சூரிய மின் அமைப்புகளைக் கொடுத்தது. பொருத்தியதைச் சோதித்த பிறகே அவற்றுக்குப் பணம் விடுவிக்கப்பட்டது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கெரிந்தது. அயல்நாட்டுப் பணமும் ஒழுங்கான நிர்வாகமும் சேர்ந்தே நடந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஓசூர் பொறியாளர்:
அந்தத் திட்டத்தை நானும் மதிக்கிறேன். ஆயினும், பின்னர் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட விரைவாக ஊர்களை எட்டியபோது, பலர் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். எந்த ஊருக்குக் கம்பி, எந்த ஊருக்குச் சூரியத் தகடு என்பதை அரசு முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் அந்தக் கடன் நிலுவையாகியிருக்காது. பணம் வேண்டாம் என்று நான் எழுதியது மிகைதான், அதைத் திரும்பப் பெறுகிறேன். பொறுப்பேற்பவர் யார் என்பது முதலில் தீர வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

அஞ்செட்டி விவசாயி:
எங்களுக்கு அது இப்போதே தீர வேண்டும். கம்பம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதைப் பதிவேட்டில் ஏற்றும்படி அக்டோபர் 2 கிராம சபையில் மனுக் கொடுக்கப் போகிறோம். ஆசிரியர் ஐயா வாசகம் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும். என்ன பேட்டரி போடலாம் என்பதைப் பொறியாளர் தம்பி சொல்லட்டும்.