உதவி: 74 டெசிபலில் நிற்கும் வி8 ஸ்போர்ட்ஸ் காரை 72-க்கு இறக்குவது எப்படி?

எட்டுசிலிண்டர் (கேள்வி)

வணக்கம். சிறிய எண்ணிக்கையில் தயாராகும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு, ஐ.நா. ஒழுங்குவிதி ஆர்51.03-ன் மூன்றாம் கட்ட இரைச்சல் வரம்பில் ஒப்புதல் வாங்க வேண்டும். விவரம் இது:

என்ஜின் 4.0 லிட்டர் வி8, டர்போ கிடையாது, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 8,000 ஆர்பிஎம்மில் 330 கிலோவாட். ஓட்டுநருக்கான 75 கிலோவையும் சேர்த்து ஓடுநிலை எடை 1,420 கிலோ. ஆறு கியர் மேனுவல், பின் டயர் 305 மி.மீ. அகலம், சைலன்சரில், திறந்தால் புகை நேராக வெளியேறிச் சத்தம் கூடும் வால்வு உண்டு. புகையின் கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி (ஜிபிஎஃப்) இன்னும் வைக்கவில்லை.

இருபுறமும் நிற்கும் மைக்குகளை 50 கி.மீ. வேகத்தில் கடந்துசெல்லும் சோதனையின் அளவுகள்:
4-ஆம் கியர்: முடுக்கம் 2.40 மீ/வி², முழுத் திராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி) 77.0, சீர்வேகத்தில் 69.8 டெசிபல்.
5-ஆம் கியர்: முடுக்கம் 1.90 மீ/வி², முழுத் திராட்டிலில் 75.4, சீர்வேகத்தில் 69.3 டெசிபல்.

4-ஆம் கியர் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் 74.0 வருகிறது. வரம்பு 72 என்று எடுத்திருக்கிறேன். சைலன்சர் கொள்ளளவை ஒருமுறை கூட்டியாயிற்று, இறங்கியது அரை டெசிபல்தான். மூன்று சந்தேகம்: மீதியை எங்கே குறைப்பது? யூரோ 7 மாசு விதிக்காக ஜிபிஎஃப் வைத்தால் டார்க் (முறுக்குவிசை) போய்விடுமா? வால்வை எத்தனை ஆர்பிஎம்மில் திறக்க விடலாம்?

டெசிபல்மானி

சைலன்சரைத் தொடுவதற்கு முன் உங்கள் வரம்பு 72-தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 330-ஐ 1,420-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் திறன்–எடை விகிதம் 232. அது 200-க்கு மேல் இருப்பது மட்டும் போதாது. இருக்கை நான்குக்கு மிகக்கூடாது, ஓட்டுநர் இருக்கையின் ஆர் புள்ளி (உட்காருபவரின் இடுப்பு மூட்டு வரும் இடம்) தரையிலிருந்து 450 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் 72. ஆர் புள்ளி 455 மி.மீ. என்று வரைபடத்தில் இருந்தால் நீங்கள் 71-க்குப் போய்விடுவீர்கள். இருக்கைத் தண்டவாளத்தின் கீழே வைக்கும் ஒரு தகடு ஒரு டெசிபலைத் தின்றுவிடும். இந்தக் கட்டம் புதிய மாடல்களுக்கு 2024 ஜூலையிலும், புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் 2026 ஜூலையிலும் நடைமுறைக்கு வருவது. ஆகவே பழைய 74, 75 வரம்புகளை மனதில் வைக்காதீர்கள்.

அடுத்தது கியர். விகிதம் 232-க்கு விதி எதிர்பார்க்கும் குறிப்பு முடுக்கம் 2.35 மீ/வி². உங்கள் 4-ஆம் கியர் அதிலிருந்து ±5 சதவீதத்துக்குள் இருப்பதால் அதையே எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதே விதியில் 2.0 மீ/வி²-ஐத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. 2.40 அதைத் தாண்டுகிறது. 2.0-க்குக் கீழே வரும் முதல் கியர், அதாவது 5-ஆம் கியர்தான் உங்கள் சோதனைக் கியர்.

ஆனால் அதனால் பெரிய லாபம் வராது. நகர முடுக்கம், அதாவது நகர ஓட்டத்துக்கென விதி கணக்கிடும் முடுக்கம், உங்கள் காருக்கு 1.40. சீர்வேக அளவுக்குக் கிடைக்கும் பங்கான எடைக்காரணி 4-ஆம் கியரில் 1 − 1.40/2.40 = 0.416. 5-ஆம் கியரில் 1 − 1.40/1.90 = 0.263. முழுத் திராட்டில் அளவு 1.6 டெசிபல் இறங்கினாலும், சீர்வேக அளவு உங்களைக் கீழே இழுக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. 75.4 − 0.263 × 6.1 = 73.8. அதுவும் 74 ஆகத்தான் முழுமையாகும். 72.4-க்குள் வந்தால் ஒப்புதல் கிடைக்கும், என்றாலும் 72.0-ஐ இலக்காக வையுங்கள். காற்று, வெப்பநிலை, ஓட்டுநர் என்று எதுவும் ஒரே மாதிரி இருக்காது.

எட்டுசிலிண்டர்

நன்றி. ஆர் புள்ளி 438 மி.மீ., அதில் பிரச்சினை இல்லை. 5-ஆம் கியரையே எடுத்துக்கொள்கிறேன். 73.8-லிருந்து 72.0 வரை எதை நறுக்குவது?

சூட்டுக்குழாய்

நறுக்குவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். மூன்று விதமான ஓட்டம் போதும்.

ஒன்று, 50 கி.மீ. வேகத்தில் என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள். கிடைப்பது டயர். இரண்டு, டெயில்பைப்பில் நீளமான உறிஞ்சுவகை சைலன்சர் ஒன்றைக் கூடுதலாகக் கட்டி, புகைபோக்கியை ஏறக்குறைய ஊமையாக்கி முழுத் திராட்டிலில் ஓட்டுங்கள். மூன்று, அதே நிலையில், என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் வாயிலும் ஒரு தற்காலிகப் பெட்டி. ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டம் எடுத்து, நான்கும் 2 டெசிபலுக்குள் அமைய வேண்டும். இடது, வலது இரண்டு மைக்கில் எது அதிகமோ அதுதான் கணக்கு என்பதால் இரண்டையும் தனித்தனியே எழுதிவையுங்கள். ஏர்பாக்ஸ் (இன்டேக் காற்றுப் பெட்டி) வாய் ஒரு பக்கமாகத் திறந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் உயர்ந்து தெரியும். வாயை நடுவுக்குத் திருப்பினாலே பலன் இருக்கும்.

டெசிபலை நேராகக் கழிக்க வேண்டாம். ஆற்றலுக்கு மாற்றிக் கழித்துவிட்டு, மறுபடி டெசிபலுக்குத் திருப்புங்கள்.

எட்டுசிலிண்டர்

முதல் இரண்டு ஓட்டமும் முடிந்தது. உருளவிட்டால் 68.6. புகைபோக்கியை ஊமையாக்கி முழுத் திராட்டிலில் 72.6. இடது, வலது வித்தியாசம் 0.3-க்குள்.

சூட்டுக்குழாய்

இப்போது படம் தெளிவு. முழுத் திராட்டிலில் 75.4 ஆன மொத்தத்தில் புகைபோக்கி 72.2, டயர் 68.6, மிச்சமுள்ள இன்டேக், என்ஜின் உடல், டார்க் ஏறும்போது டயர் கூடுதலாகப் போடும் சத்தம் எல்லாம் சேர்ந்து 70.4. சீர்வேகத்தில் நீங்கள் கேட்கும் 69.3-ல் ஆற்றல் கணக்கில் 85 சதவீதம் டயர்தான்.

இனி 72.0-ஐ மூன்று வழியில் எட்டிப் பாருங்கள்.

புகைபோக்கியை மட்டும் குறைத்தால், அது 72.2-லிருந்து 62-க்கு இறங்க வேண்டும். பத்து டெசிபல். சைலன்சரைப் பெருக்கியும் அசையாததற்குக் காரணம் இதுதான்.

டயரை 2 டெசிபல் குறைத்தால் சீர்வேக அளவு 67.7 ஆகிறது. அப்போது புகைபோக்கியில் 3.7 குறைத்தால் போதும்.

டயரில் 2, இன்டேக் பக்கம் 1 குறைத்தால் புகைபோக்கியில் 2.5. இது செய்யக்கூடியது. உங்கள் என்ஜினின் குரலும் பிழைக்கும்.

குரலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அவசரத்தில் முதலில் பலியாவது அதுதான். 5-ஆம் கியரில் 50 கி.மீ. என்றால் சுமார் 1,700 ஆர்பிஎம். வி8-ல் வெடிப்பு அதிர்வெண் 113 ஹெர்ட்ஸ். மீட்டரை மனிதக் காதைப் போலக் கேட்க வைக்கும் ஏ-எடையிடல் 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபலைக் கழித்துவிடுகிறது, 1,000 ஹெர்ட்ஸில் எதையும் கழிப்பதில்லை. அதாவது நெஞ்சில் அறையும் அந்தத் தாழ்ந்த ஒலி சோதனையில் உங்களுக்குப் பெரிய எதிரி அல்ல. எண்ணை ஏற்றுவது 500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சீறல், வாயு ஓட்ட இரைச்சல், தகட்டு அதிர்வு. ஆகவே தாழ்ந்த ஒலியை அடைக்கும் அறைகளைச் சேர்க்காமல், துளைக்குழாயைச் சுற்றி உறிஞ்சும் நார் அடைத்த பகுதியை நீட்டுங்கள். சைலன்சரின் வெளித்தகடு ஒற்றையாக இருந்தால் இரட்டைத் தகடாக்குங்கள்.

ரப்பர்தடம்

டயர் பகுதியில் அடிக்கடி நடக்கும் மூன்று தவறு:

உள்ளே ஃபோம் ஒட்டிய டயரை வாங்கிப் போடுவது. அந்த ஃபோம் டயருக்குள் அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வை அடக்கும். காருக்குள் அமைதி கிடைக்கும், 7.5 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

லேபிளில் உள்ள டெசிபலை அப்படியே நம்புவது. அது 80 கி.மீ. வேகத்தில், என்ஜின் இல்லாமல் உருளவிட்டு எடுத்தது. 275 மி.மீ.-க்கு மேற்பட்ட அகலத்துக்கு அங்கே 74 வரை அனுமதி. உங்களுக்குத் தேவை 50-ல், டார்க் ஏறிய நிலையில் உள்ள அளவு. இரண்டு மூன்று மாடல்களை வரவழைத்து நேரில் அளப்பதைத் தவிர வழியில்லை.

305-ஐ 285 ஆக்கிவிட்டு முன் டயரை மறப்பது. நான்கு டயரும் பேசுகின்றன. முன் டயரின் தோள்பட்டைப் பாளங்கள் (ஓரத்து ரப்பர்க் கட்டைகள்) ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தால் ஒற்றைச் சுதியில் ஊளையிடும். பாள நீளம் மாறிமாறி வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சோதனைத் தளம், இரைச்சல் சோதனைக்கென வரையறுத்த ஐஎஸ்ஓ 10844 மேற்பரப்புதானா என்றும் கேட்டுவிடுங்கள். சாதாரணத் தாரில் எடுத்த எண்ணை வைத்து டயர் தேர்வு செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

கரிவடிகட்டி

ஜிபிஎஃப் கேள்விக்கு வருகிறேன். யூரோ 7 கார்களுக்கு, புதிய மாடல் என்றால் 2026 நவம்பர் 29 முதல், எல்லாப் புதிய கார்களுக்கும் 2027 நவம்பர் 29 முதல். சிறு உற்பத்தியாளர் வகையில் நீங்கள் வந்தால் 2030 ஜூலை 1 வரை அவகாசம். நைட்ரஜன் ஆக்சைடு 60 மி.கி./கி.மீ. என்ற பழைய வரம்பு அப்படியே இருக்கிறது. துகள் எண்ணிக்கை வரம்பும் கி.மீ.-க்கு 6×10¹¹ என்பதேதான். ஆனால் எண்ணத் தொடங்கும் அளவு 23 நானோமீட்டரிலிருந்து 10-க்கு இறங்கியிருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வி8-ல், குளிர்ந்த ஸ்டார்ட்டில், வடிகட்டி இல்லாமல் அதைத் தொடுவதை நினைக்கவே வேண்டாம். பிரேக் தூசிக்கும் முதல்முறையாக வரம்பு வருகிறது: பெட்ரோல் காருக்குக் கி.மீ.-க்கு 7 மி.கி. சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால் கடினப் பூச்சுள்ளதை இப்போதே விசாரியுங்கள்.

டார்க் இழப்புக்கு நல்ல அளவுகோல் 2024-ல் புதுப்பிக்கப்பட்ட போர்ஷே 911 ஜிடி3. அதே 4.0 லிட்டர், டர்போ இல்லாத என்ஜின். இரண்டு துகள் வடிகட்டி, நான்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். 510 குதிரைத்திறனைக் காப்பாற்றிவிட்டார்கள், டார்க் 470-லிருந்து 450 நியூட்டன் மீட்டருக்கு இறங்கியது. ஈடுகட்ட, எல்லாக் கியருக்கும் பொதுவான இறுதி விகிதத்தை 8 சதவீதம் குறுகலாக்கினார்கள்.

நீங்களும் அதையே செய்ய நினைத்தால் டெசிபல்மானி சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். 5-ஆம் கியரின் 1.90-ஐ 8 சதவீதம் கூட்டினால் 2.05. உச்சவரம்பைத் தாண்டிவிடும். சோதனை 6-ஆம் கியருக்குப் போகும். அங்கே முடுக்கம் 1.40-க்குக் கீழே விழுந்தால் 5, 6 இரண்டிலும் ஓட்டியாக வேண்டும். கியர் விகிதத்தை முடிவு செய்துவிட்டுத்தான் சைலன்சரை முடிக்க வேண்டும்.

பின்னழுத்தம் ஏறக்குறைய வாயு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1,700-ல் ஒன்றும் தெரியாது, 8,000-ல் முழுதாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வடிகட்டி, குறுக்குவெட்டு முடிந்த அளவு பெரியதாக, நீளம் குறைவாக. உடனடிப் பலன் ஒன்றும் உண்டு: நுண்துளைச் சுவர்கள் உயர் அதிர்வெண் சீறலை விழுங்கும். சூட்டுக்குழாய் கேட்ட 2.5 டெசிபலில் ஒரு பங்கு இங்கேயே கிடைத்துவிடும். எனவே வடிகட்டி இல்லாமல் இப்போது சைலன்சரை வடிவமைப்பது வீண் வேலை.

கெடுவது இப்படி: குளிர்ந்த என்ஜினில் குறுகிய ஓட்டங்கள், கரி நிறைகிறது, எரிய 600 டிகிரி வெப்பமும் ஆக்சிஜனும் வேண்டும். பிறகு ஒரு நாள் முழு வேகத்தில் ஓட்டிச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், எரிபொருள் நின்று ஆக்சிஜன் பாய்ந்து, சேர்ந்த கரி அத்தனையும் ஒன்றாகப் பற்றும். செராமிக் விரிசல் விடும். ஆகவே அழுத்த வித்தியாச சென்சாரும் வெப்ப சென்சாரும் இரண்டு பக்கமும் வேண்டும். கரி எல்லை தாண்டினால் எரிபொருள் நிறுத்தத்தை ஈசியூ (என்ஜின் கணினி) தடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட் என்று வெடிக்கும் ஓவர்ரன் மேப்பை (ஈசியூ அமைப்பை) எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் வடிகட்டியின் முகத்தில்தான் எரியும்.

எட்டுசிலிண்டர்

புரிகிறது. வடிகட்டி, கியர், டயர், அதன்பின் சைலன்சர். வால்வு கேள்வி மட்டும் மிச்சம்.

டெசிபல்மானி

ஏஎஸ்இபி எனப்படும் கூடுதல் விதிதான் வால்வைக் கட்டுப்படுத்துகிறது. சோதனைப் புள்ளியில் மட்டும் மூடி, பக்கத்தில் திறக்கும் தந்திரத்தைப் பிடிக்கவே அது எழுதப்பட்டது. அதன் ஆர்பிஎம் எல்லை: திறன்–எடை விகிதத்தை −0.222 அடுக்குக்கு உயர்த்தி, 2.0-ஆலும் உச்சத்திறன் ஆர்பிஎம்மாலும் பெருக்க வேண்டும். 232-க்கும் 8,000-க்கும் அது சுமார் 4,770. அதற்குக் கீழே, ஒவ்வொரு கியரிலும் ஆர்பிஎம் ஏற ஏறச் சத்தம் ஏறும் சாய்வு எல்லைக்குள் இருக்க வேண்டும். 3,000-ல் வால்வு படாரென்று திறந்தால் அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே குதித்துவிடும்.

நடைமுறையில் 3,500 வரை மூடியே இருக்கட்டும், அங்கிருந்து 4,800 வரை படிப்படியாகத் திறக்கட்டும். ஆர்பிஎம்மோடு திராட்டில் நிலையையும் மேப்பில் சேருங்கள். ஸ்போர்ட், டிராக் என்று எத்தனை மோடு வைத்தாலும் ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். மோட்டார் பழுதானால் ஸ்பிரிங் வால்வை மூடிய நிலைக்கே கொண்டுவரட்டும்.

நின்ற நிலைச் சோதனையைக் கடைசிக்கு வையுங்கள். டெயில்பைப்பிலிருந்து 0.5 மீட்டர், 45 டிகிரி, உங்கள் என்ஜினுக்கு 4,000 ஆர்பிஎம். அதற்கு வரம்பு இல்லை, ஆனால் அந்த எண் ஒப்புதல் ஆவணத்தில் ஏறி, பின்னாளில் காரைச் சாலையில் நிறுத்திச் சோதிப்பவர் ஒப்பிடுவது அதோடுதான். வடிகட்டியும் வால்வு மேப்பும் உறுதியான காரில் மட்டும் அதை எடுங்கள்.